பதினேழாம் இணைப்பு காய்ந்த நாள்

காலை ஏழரை மணிக்குப் பள்ளத்தில் இறங்கும்போது அவளுடைய தோள்பையில் ஆறு கண்ணாடி பாட்டில்கள் இருக்கும். எல்லாம் ஜாம் வாங்கிய பாட்டில்கள். மூடி ஒவ்வொன்றும் ஒரு நிறம். இரும்புப் படிகளில் அவள் கால் வைக்க வைக்க அவை ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். கீழே கம்பி கட்டிக்கொண்டிருப்பவர்கள் தலையை நிமிர்த்தாமலே, "பாட்டில் அக்கா வர்றாங்க. சுவரெல்லாம் நேரா நில்லுங்கப்பா" என்பார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவள் இந்தப் பட்டப்பெயரைச் சட்டை செய்வதில்லை. ஒரே ஒரு தடவைதான் அது வம்பில் கொண்டுபோய் விட்டது. மகளுக்கு வரன் பேசும்போது, பெண்ணின் அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள மாப்பிள்ளையின் அத்தை வேலைத்தளத்து வாசலுக்கே வந்து விசாரித்தாள். காவலாளி நல்ல மனதோடு, "யாரு, பாட்டில் அக்காவா? காலைல ஏழரைக்கே பாட்டிலோட இறங்கிடுவாங்க. அப்படி ஒரு பொறுப்பு" என்று சொல்லிவிட்டான். அத்தை வீட்டுக்குப் போய் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. மாப்பிள்ளையின் அப்பாதான் ஒரு காலி ஜாம் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அதில் தண்ணீர் பிடித்துக் காட்டி, விஷயத்தை விளக்கிவிட்டு வந்தார். அவர் அந்தத் தளத்தின் ஃபோர்மேன். இப்போது அவளுக்குச் சம்பந்தி.

பள்ளம் பதினான்கு மீட்டர் ஆழம். மேலே வரப்போகிற கட்டடத்துக்குக் கீழே, வண்டிகள் நிறுத்த மூன்று தளம். தெருமட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர் போனாலே தண்ணீர் வந்துவிடுகிற மண் அது. காலி டம்ளர் ஒன்றை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குள் இறங்கி வேலை பார்ப்பதற்குச் சமம். டம்ளரின் சுவர்தான் தடுப்புச் சுவர். தோண்டுவதற்கு முன்பே மண்ணுக்குள் பகுதி பகுதியாகக் கான்கிரீட் ஊற்றிச் செய்தது. மொத்தம் முப்பத்திரண்டு பகுதிகள். இரண்டு பகுதிகள் சேருகிற ஒவ்வோர் இடத்திலும் ஓர் இணைப்பு. அந்தப் பக்கம் நிற்கிற தண்ணீருக்கு வேறு ஜோலி கிடையாது. முப்பத்திரண்டு பேரில் எவன் இளைத்தவன் என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீருக்கு முன்னால் அவனைக் கண்டுபிடித்துவிடுவது அவளுடைய வேலை.

ஈரத்தைக் கண்டதும் பதறுகிற ஆள் இல்லை அவள். "ஒழுகறது தப்பில்ல. எதைத் தூக்கிட்டு ஒழுகுதுங்கறதுதான் கேள்வி" என்பாள். தெளிந்த தண்ணீர் வந்தால் வெறும் தண்ணீர்தான் போகிறது, பம்பு வைத்து இறைத்துக்கொள்ளலாம். கலங்கி வந்தால் சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்ணும் கூடவே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அங்கே பொந்து விழும். பொந்துக்கு மேலே தெரு இருக்கிறது, தெருவில் கடைகள் இருக்கின்றன. அதனால்தான் பாட்டில்கள். ஒழுகும் இடத்தில் தகரத் துண்டு ஒன்றை நாக்கு மாதிரிச் செருகி, அதன் நுனியில் பாட்டிலைப் பிடிப்பாள். நிரம்ப எத்தனை நிமிடம் என்று நோட்டில் எழுதுவாள். பிறகு பாட்டிலைப் பலகைமேல் வைத்துப் பத்து நிமிடம் கழித்து அடியைப் பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் சுவரில் நீல சாக்பீஸில் தேதி. அடியில் மணல் படிந்திருந்தால் சிவப்புக் கோடு. சிவப்புக் கோடு விழுந்த இடத்தில், கோடு அழிகிற வரைக்கும் யாரும் எந்த வேலையும் செய்யக் கூடாது. அந்தத் தளத்தில் அவளுக்கு இருந்த ஒரே அதிகாரம் ஒரு விரல் நீளச் சாக்பீஸ்தான்.

ஒரு சுவரை நல்ல சுவர் என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. நேற்று வரை ஒழுகவில்லை என்பது நேற்றைப் பற்றிய சேதி, இன்றைக்கு அது எதற்கும் ஜாமீன் நிற்காது என்பது அவள் கட்சி. ஒரு குறையும் கண்ணில் படாவிட்டால், "ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று நகர்ந்துவிடுவாள். அவள் தருகிற அதிகபட்சச் சான்றிதழ் அது. வீட்டில் சமையல் அவள் கணவர்தான். இருபத்தெட்டு வருடத்தில் அவருக்கு இந்தச் சான்றிதழ் இரண்டு தடவை கிடைத்திருக்கிறது. இரண்டு தேதியும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த வேலைக்கென்று அவள் எதுவும் படிக்கவில்லை. இருபத்துநாலு வயதில், எந்தப் பம்பு எத்தனை மணி நேரம் ஓடியது என்று தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதத்தான் சேர்ந்தாள். ஒரு வாரம் மூன்றாம் நம்பர் பம்பு நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடியிருப்பதைக் கவனித்தாள். மழையும் இல்லை. பொறியாளரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். மறுவாரம் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "நீயே கீழ போய்ப் பாரும்மா" என்றார். அன்று கீழே போனவள்தான். ஒரு தடவை பார்த்ததை மறுநாளும், அதற்கு மறுநாளும் அதே கண்ணோடு பார்க்க அவளால் முடிந்தது. இதைத் திறமை என்று சொல்லிவிடலாமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம். பலரிடம் இது வெறும் பிடிவாதமாகவே நின்றுவிடுகிறது. அவளிடம் இரண்டும் இருந்தன, எது எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்ட முடியாத அளவுக்கு.

வீட்டில் கதை வேறு. மூன்றாம் மாடி, குளியலறைச் சுவரில் இரண்டு வருடமாக ஒரு ஈரத் திட்டு. பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் வீட்டில் இருப்பவர், அதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவர்.

"ஊர்ச் சுவரெல்லாம் தடவிப் பார்க்கறே. நம்ம சுவரு என்ன பாவம் பண்ணிச்சு?"

"அது தெளிஞ்ச தண்ணிதான். பாட்டில்ல பிடிச்சுப் பார்த்துட்டேன்."

"பார்த்தாச்சுல்ல? அடைக்க வேண்டியதுதானே?"

"எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம அடைக்கக் கூடாது."

"ரெண்டு வருஷமா யோசிக்கறே. தண்ணிக்கே வந்த வழி மறந்திருக்கும்."

சரி, அந்த வாரத்துக்கு வருவோம். அவளுக்கு நேரம் சரியில்லாத வாரம். பத்து நாளுக்குள் இரண்டு தடவை சிவப்புக் கோடு போட்டு, இரண்டும் சொதப்பலாகப் போயிருந்தன. முதல் தடவை ஒன்பதாம் பகுதியில் கலங்கலாக வழிந்தது, சுவரைத் தாங்க மேலே குறுக்கே கொடுத்திருந்த இரும்பு முட்டில் வெல்டர் ஒருவர் துவைத்துக் காயப்போட்ட சட்டையிலிருந்து வந்த தண்ணீர். சட்டையில் இருந்த அழுக்குக்கு அது கலங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டாவது தடவை, பள்ளத்தை ஒட்டியிருக்கும் சலூனின் ஏசி எந்திரத்திலிருந்து சொட்டிச் சுவர் உச்சியின் மண்ணைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. இரண்டு தடவையும் அரை நாள் வேலை நின்றது. திட்ட மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நாற்காலியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், உங்க அனுபவத்துக்கு எனக்கு மரியாதை உண்டு. ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, கேட்ல வண்டி நம்பர் எழுத ஆள் வேணும். நிழல்ல உட்கார்ற வேலை. சம்பளம் அதேதான்."

அவருக்கு வயது முப்பத்துநாலு. அவர் உண்மையிலேயே அதை ஒரு சலுகையாகத்தான் நினைத்தார். அவளோ, நிழலில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிற தன்னை நினைத்துப் பார்த்தாள். நம்பர் பலகை மறுநாள் மாறாது. மாறாததை எழுதுவதற்கு அவள் எதற்கு?

இந்த நிலைமையில்தான் வியாழக்கிழமை வந்தது. அன்று மதியம் இரண்டு மணிக்குப் பள்ளத்தின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்ற ஏற்பாடு. லாரிகள் ஒரு மணிக்குக் கிளம்பும். ஊற்றிவிட்டால் அடி மூடிவிடும். அதற்குக் கீழே என்ன நடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அவள் வழக்கம்போல ஒன்றாம் இணைப்பிலிருந்து தொடங்கிப் பதினேழுக்கு வந்தாள். பதினேழு அவளுக்கு நாற்பது நாள் பழக்கம். தரையிலிருந்து அவள் தோள் உயரத்தில் சொட்டும், கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். பாட்டில் நிரம்ப நாலு நிமிடம் பத்து செகண்ட். ஐந்து செகண்ட் முன்னே பின்னே போனதில்லை. வீட்டில் இப்படி நேரம் தவறாமல் யாரும் இல்லை.

பாட்டிலைத் தகர நாக்கின் கீழே பிடித்தாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. ஒரு சொட்டு விழவில்லை. விரலால் தகரத்தைத் தொட்டாள். காய்ந்திருந்தது. சுவரைத் தொட்டாள். காய்ந்திருந்தது.

கம்பி கட்டுபவர்களில் ஒருவன் எட்டிப் பார்த்து, "அக்கா, பதினேழு நின்னுடுச்சா? இனிப்பு குடுங்கக்கா" என்றான்.

"நல்லதாப் போச்சு, கான்கிரீட் நாளும் அதுவுமா" என்றார் பம்பு ஓட்டுபவர்.

எல்லோர் முகத்திலும் சந்தோஷம். அவள் மட்டும் சுவரில் இன்னொரு தடவை கை வைத்துப் பார்த்தாள். நாற்பது நாள் தவறாமல் வந்துகொண்டிருந்த ஆள் ஒரு நாள் சொல்லாமல் வராமல் போனால், வீட்டில் நிம்மதியாக இருக்கிறார் என்றா எடுத்துக்கொள்ள முடியும்? அவள் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

பதினேழாம் இணைப்புக்கு நேர் மேலே, சுவருக்கு அந்தப் பக்கம், சலூனின் பின்கட்டு. அங்கே தரையில் ஒரு குழாய் இறக்கி மூடி போட்டிருந்தார்கள், வெளியே நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க. சலூன்காரர் அந்த மூடிமேல் ஒரு பூந்தொட்டியை வைத்துவிடுவார். அவள் தினமும் அதை நகர்த்துவாள்.

இன்று அவளைக் கண்டதும், ஒருவர் முகத்தில் பாதி சவரம் முடித்திருந்த கத்தியோடு அவர் பின்கட்டுக்கு வந்துவிட்டார்.

"மேடம், ஏசியை நேத்தே நிறுத்திட்டேன். இன்னைக்கு வேற ஆளைப் பாருங்க."

"உங்க மேல கேஸ் இல்ல. தொட்டியை நகர்த்துங்க."

"நகர்த்தறேன். அதுக்கு முன்னாடி இந்தக் கதவைக் கொஞ்சம் பாருங்களேன். காலைலேர்ந்து தாழ்ப்பாள் ஓட்டையில விழ மாட்டேங்குது. நேத்து வரைக்கும் நல்லா விழுந்துது."

உள்ளேயிருந்து, "ஐயா, ஒரு பக்கம்தான் ஆயிருக்கு" என்று குரல் வந்தது.

"அவசரப்படாதீங்க, மறு பக்கம் எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு அவர் தாழ்ப்பாளை ஆட்டிக் காட்டினார். ஒரு நூல் அளவு, அவ்வளவுதான். ஓட்டைக்கு ஒரு நூல் கீழே வந்து இடித்தது.

அவள் அளவு நாடாவைக் குழாய்க்குள் இறக்கினாள். நுனியில் தண்ணீர் பட்டதும் நாடாவின் பெட்டி கீச்சென்று கத்தும். நேற்று மாலை இரண்டு மீட்டர் அறுபதில் கத்தியது. இன்று அறுபதைத் தாண்டியது. எழுபது. எண்பது. தொண்ணூற்றுநாலில் கத்தியது.

கணக்கு சுலபம். பதினேழு தானாகவே அடைபட்டிருந்தால், போய்க்கொண்டிருந்த தண்ணீர் போகாமல் நிற்கிறது. வெளியே மட்டம் கொஞ்சமாவது ஏற வேண்டும். முப்பத்துநாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் நேற்றைவிட அதிகமாகத் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

"பின் அறையில யாரையும் உட்காரவைக்காதீங்க" என்றாள் சலூன்காரரிடம். "இன்னைக்குக் கடையை மூடிட்டு வெளியே நின்னா இன்னும் நல்லது."

"பாதி சவரத்துல எப்படி மேடம் மூடறது?"

"மூடிட்டு மீதியைத் தெருவுல வெச்சுப் பண்ணுங்க."

மறுபடி கீழே இறங்கி, பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து, காய்ந்து கிடந்த பதினேழாம் இணைப்பின் மேல் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள்.

முறுக்குக் கம்பி கட்டும் சத்தம் நின்றது. யாரோ ஒருவன் மெல்ல, "அக்கா, கண்ணாடியை மாத்தணுமோ?" என்றான்.

ஃபோர்மேன் வேகமாக வந்தார். தளத்துக்குள் உறவு பேசக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே இருவரும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். இங்கே அவருக்கு அவள் அக்கா, அவளுக்கு அவர் ஃபோர்மேன். கோபம் வந்தால் மட்டும் ஒப்பந்தம் உடைந்து மரியாதை தாறுமாறாக ஏறும்.

"அக்கா, என்ன இது?"

"கோடு."

"தெரியுது. காய்ஞ்ச சுவத்துல எதுக்குன்னு கேட்டேன்."

"காய்ஞ்சிருக்கறதுனாலதான்."

"சம்பந்திம்மா, ஒரு வார்த்தை. இன்னைக்கு எதுவும் வேண்டாம். நல்லபடியா நின்னுபோச்சு. விட்டுடுங்களேன்."

"எப்படி நின்னுதுன்னு சொல்லுங்க சம்பந்தி. உடனே அழிச்சிடறேன்."

அவர் கழுத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அதற்குள் மேலாளர் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டே வந்துவிட்டார்.

"மேடம், காய்ஞ்ச சுவருக்குச் சிவப்புக் கோடா? இது புதுசா இருக்கே."

"நாப்பது நாளா ஒழுகினது ஒரே நாள்ல நின்னிருக்கு சார்."

"சுண்ணாம்பு படிஞ்சு தானா அடைபடறது உண்டுதானே? நானும் படிச்சிருக்கேன்."

"உண்டு. கொஞ்சம் கொஞ்சமா அடையும். நாலு நிமிஷம் அஞ்சாகும், அஞ்சு எட்டாகும். நேத்து சாயங்காலம் வரைக்கும் நாலு நிமிஷம் பத்து செகண்ட். நோட்டைப் பாருங்க. வெளியில மட்டமும் இறங்கியிருக்கு. சலூன் கதவு ஒரு நூல் உட்கார்ந்திருக்கு."

"எங்க போகுதுன்னு நினைக்கறீங்க?"

அவள் பதினேழாம் இணைப்பின் அடியைக் காட்டினாள். அங்கே தரையை ஒட்டி ஒரு கம்பிக்கட்டு கிடந்தது, ஆளுயர அகலத்துக்கு. "அதைத் தூக்கிப் பார்க்கணும். கிரேன் அரை மணி நேரம் வேணும்."

"கிரேனைக் கான்கிரீட் பைப்பு தூக்க வெச்சிருக்கேன் மேடம். அரை மணி போனா லாரியெல்லாம் தெருவுல நிக்கும். சரி, தூக்கறோம்னே வெச்சுக்குவோம். கீழ ஒண்ணும் இல்லேன்னா?"

"கேட்ல பேனா இருக்குமா சார், இல்ல நானே கொண்டுவரணுமா?"

மேலாளர் மணி பார்த்தார். பதினொன்றே கால். அவர் மனதில் தராசு ஆடுவது முகத்தில் தெரிந்தது. ஒரு தட்டில் லாரிகள், இன்னொரு தட்டில் வெறும் ஒரு பெண்மணியின் சந்தேகம், அதுவும் இரண்டு தடவை பொய்த்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. காணாமல் போன ஈரத்தைக் காட்டி ஒருவரை நம்பவைப்பது எளிதில்லை.

"மன்னிச்சுக்கங்க மேடம்" என்று அவர் தொடங்கினார்.

"சார்" என்றார் ஃபோர்மேன். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அது தானா நிக்கல. நான்தான் அடைச்சேன்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நேத்து ஆறு மணிக்கு எல்லாரும் கிளம்பினப்புறம், சீக்கிரம் இறுகற சிமெண்டை வெச்சு உள்ள திணிச்சு அடைச்சேன். மேல சேறு பூசி நிறத்தைச் சரிபண்ணேன். இவங்களோட தகரத்தை நான் தொடல, சந்தேகம் வரக் கூடாதுன்னு." துண்டு இப்போது இரண்டு கைக்கும் நடுவில் முறுக்கேறிக்கொண்டிருந்தது. "ஆளாளுக்கு இவங்களை வெச்சு சிரிக்கறாங்க. சட்டைக்காரன்லேர்ந்து சலூன்காரன் வரைக்கும். என் வீட்டுல பொண்ணு குடுத்தவங்க சார். கான்கிரீட் நாள்ல இவங்களுக்குக் கோடு போட ஒண்ணுமே இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான். இவங்க வேலை போயிடக் கூடாதுன்னு."

அவர் பூச்சுவேலைக்காரராகத் தொழிலைத் தொடங்கியவர். முப்பது வருடமாக மற்றவர்களை வேலை வாங்கினாலும், ஓட்டை ஒன்றைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. மகனும் மருமகளும் குடித்தனம் போன வீட்டில், முன்பு குடியிருந்தவர்கள் அடித்த ஆணி ஓட்டை முழுவதையும் ஒரே மாலையில் அடைத்துவிட்டு, புது மணமக்கள் படம் மாட்ட ஆணி அடித்தபோது முகம் சுண்டிப்போனவர்.

அவள் சுவரிடம் போய், தகர நாக்குக்கு மேலே நகத்தால் சுரண்டினாள். சேறு உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு, விளிம்பு தெரியாமல் சுவரோடு கரைந்திருந்தது. காலையில் இரண்டு தடவை இதே இடத்தில் கை வைத்துப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"தெளிஞ்ச தண்ணி, அது பாட்டுக்கு வந்துட்டிருந்துது" என்றாள், சுவரைப் பார்த்தபடியே. "வாசலைச் சாத்திட்டா அது வீட்டுக்குத் திரும்பிப் போயிடுமா சம்பந்தி?"

மேலாளர் கிரேன்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

கம்பிக்கட்டு மெல்ல மேலே போனது. அடியில், சுவரை ஒட்டி, எறும்புப் புற்று மாதிரி ஒரு மணல் குவியல், உள்ளங்கை அகலம். நடுவில் ஒரு ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக் கொப்பளித்து வந்தது. ஒவ்வொரு கொப்பளிப்புக்கும் ஒரு சிட்டிகை மணலைத் துப்பிக் குவியலின் உயரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. வந்த தண்ணீர் கம்பிக்கட்டின் மறைவிலேயே ஓடி வடிகாலில் கலந்துவிட்டிருந்தது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

அவள் குனிந்து பாட்டிலைச் சாய்த்தாள். நாற்பது செகண்ட்கூட ஆகவில்லை, நிரம்பிவிட்டது. பால் கலந்த டீ மாதிரி இருந்தது. பத்து நிமிடம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. மேலாளர் கையில் வாங்கும்போதே அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் உட்கார்ந்துவிட்டது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். பள்ளத்தின் விளிம்பில் கம்பித்தடுப்பைப் பிடித்துக்கொண்டு சலூன்காரர் நின்றார். பக்கத்தில், ஒரு கன்னத்தில் நுரையோடு இன்னொருவர்.

"லாரியெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் மேலாளர் யாரிடமோ. "மேடம், இப்ப என்ன பண்ணணும்?"

அந்தக் கேள்வி அவரிடமிருந்து வந்து அவள் கேட்டதில்லை. அவள் அதை ரசிக்க நிற்கவில்லை.

"முதல்ல இதை அடைக்கக் கூடாது. அடைச்சா இன்னும் தள்ளிப் போய் வரும். மண் தாண்டாத துணியா விரிச்சு, மேல பொடி ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லி. தண்ணி வரட்டும், மண்ணு வரக் கூடாது. சலூனைக் காலி பண்ணச் சொல்லுங்க. சுவத்துக்குப் பின்னாடி சிமெண்டுக் கரைசல் ஏத்தற ஆளுங்களைக் கூப்பிடுங்க, பொந்தை அவங்க நிரப்பட்டும்." பிறகு ஃபோர்மேனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க உளி எடுத்துட்டு வாங்க."

அவர் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து, தன் பூச்சின் முன்னால் நின்றார். தட்டாமல் நின்றார்.

"என்ன சம்பந்தி?"

"ஒண்ணுமில்ல. நல்லா அமைஞ்சுபோச்சு. உடைக்க மனசு வரல."

"அடிங்க."

நாலாவது அடியில் பூச்சு பெயர்ந்தது. அவருடைய சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைத்துவிட்டுப் பதினேழாம் இணைப்பு மறுபடி தன் பழைய வழிக்கு வந்தது. கம்பி கட்டுபவர்கள் கைதட்டினார்கள். ஒழுகுகிற சுவருக்குக் கைதட்டியது அந்தத் தளத்தில் அதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்குள் கீழே மணல் குவியலின் இடத்தில் ஜல்லி மேடை ஒன்று எழுந்திருந்தது. அதன் ஓரமாக வந்த தண்ணீர் வெளுத்துக்கொண்டே வந்து, நான்கரைக்குத் தெளிந்துவிட்டது. கான்கிரீட் அடுத்த செவ்வாய்க்குப் போனது. சலூன் மூன்று நாள் தெருவில், ஒரு குடையின் கீழ் நடந்தது. சலூன்காரர் பாதி விட்ட சவரத்தை அங்கேதான் முடித்தார். ஃபோர்மேனுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது, அதை அவர் மறுக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கேட் வேலையைப் பற்றி மேலாளர் அதற்குப் பிறகு பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. மாலையில் அவள் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தின் அடியில், "பாட்டில் பார்க்காமல் எந்த ஒழுக்கையும் யாரும் தொடக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எழுத்து கோணலாக இருந்தது. விஷயம் நேராக இருந்ததால் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஐந்து மணிக்குப் பதினேழின் தகர நாக்கின் கீழே பாட்டிலைப் பிடித்தாள். ஃபோர்மேன் ஈரச் சட்டையோடு பக்கத்தில் நின்று, கேட்காமலே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"நாலு நிமிஷம் ஏழு செகண்ட்" என்றார்.

"உடைச்சதுல வழி கொஞ்சம் அகலமாயிருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

பாட்டிலைப் பலகைமேல் வைத்தாள். அவர்களும் பலகையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"கோபமா இருக்கீங்களா சம்பந்திம்மா?"

"இருக்கேன்."

"இருங்க. நியாயம்தான்." அப்புறம் அடக்க முடியாமல், கீழே கிடந்த பூச்சுத் துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டினார். "பண்ணது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா பூச்சு எப்படி இருந்துது? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் துண்டை வாங்கி, விளிம்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியில் வாய் தவறி, "அப்ப இன்னொண்ணும் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். நீங்க கடைக்குப் போற நேரமாப் பார்த்து அந்தக் குளியலறைச் சுவத்தை அடைச்சிடறதா உங்க வீட்டுக்காரருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

அவள் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடி சுத்தமாக இருந்தது. நீல சாக்பீஸால் சுவரில் தேதியைப் போட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டாள்.

"தாராளமா வாங்க சம்பந்தி. சம்பந்தியம்மாவையும் கூட்டிட்டு வாங்க, சாப்பிட்டுப் போகலாம். பூச்சுக் கரண்டியை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க."